மேற்படி

காலை ஆறு மணிக்கு என் கை என்னுடையதாக இருப்பதில்லை.
வெந்நீர்ச் சட்டியில் அரை மணி ஊறினால்
ஒவ்வொரு விரலாகத் திரும்பி வரும்,
சுண்டுவிரல் கடைசியில்.
பிறகுதான் வடுவூர் சொசைட்டிக்குப் போய்
ஊராருக்குக் குறுவைக் கடன் எண்ணித் தருகிறேன்.
எண்ணும் மெஷின் தை மாசத்திலிருந்து ரிப்பேர்.

போன வாரம் ஒரு கட்டில் இரண்டு தாள் கூடுதலாகப் போய்விட்டது.
வாங்கிய மனுஷர் திருப்பிக் கொண்டுவந்தார்.
"மேடத்துக்குக் கண்ணு சரியில்லையோ?"
கண் சரியாகத்தான் இருக்கிறது.

பதினோரு வருஷமாக டாக்டர் இருதயராஜ்.
தஞ்சாவூர், மெடிக்கல் காலேஜ் ரோடு,
மாடிப்படி பதினெட்டு.
மூட்டு வலிக்காரர்களுக்கு மாடியில் கிளினிக்
வைத்த மனிதரை என்ன சொல்ல.
ஆனாலும் முதல் நாள் அவர்தான்,
"உன் உடம்பே உன் மூட்டை அந்நியன்னு நெனச்சு அடிக்குதும்மா" என்று
காலண்டர் தாளின் பின்புறம் படம் போட்டுக் காட்டினார்.
அதற்கு முன் மூன்று பேர் கால்சியம் கொடுத்திருந்தார்கள்.

இப்போது தலை நிமிர்வதில்லை.
டோக்கன் நாற்பத்தேழு.
விரலை நீட்டியபடி உட்கார்ந்திருப்பேன்,
பேனா அடுத்த சீட்டுக்குப் போயிருக்கும்.

திருச்சியில் ஜுலைகா பேகம் என்று ஒரு டாக்டர்
ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்க்கிறாராம்,
புது ஊசி வந்திருக்கிறதாம்.
செயலாளரின் மச்சினி சொன்னாள்.
"தண்ணி ஏறலேன்னா மடையத் திருப்ப மாட்டமா?"
வீட்டுக்காரர் மண்வெட்டியைச் சாய்த்துக்கொண்டே கேட்டார்.

மடை, கொரோனாவில் மாத்திரை கிடைக்காதபோது
பால் வண்டியில் இரண்டு அட்டை கொடுத்தனுப்பியதில்லை.
மடைக்கு என் மகள் பிளஸ் டூவில்
எத்தனை வாங்கினாள் என்று தெரியாது.

வியாழக்கிழமை பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்கப் போனேன்.
பொய்யை பஸ்ஸிலேயே தயார் செய்திருந்தேன்:
ஆபீஸில் கிளெய்ம் கேட்கிறார்கள்.
மெர்சி ஏன் என்றே கேட்கவில்லை.
பைலை நீட்டினாள். "ஜெராக்ஸ் கீழ."
சொல்லாத பொய் பஸ் டிக்கெட்டோடு கையில் கசங்கியது.

மெஷின் சூடாகும்வரை புரட்டிப் பார்த்தேன்.
முதல் வருஷம் இரண்டு பக்கம்.
ஒரு கை வரைந்து, வலிக்கும் இடமெல்லாம் புள்ளி.
ஓரத்தில் இங்கிலீஷில்: பணம் எண்ணும் வேலை, விரல் முக்கியம்.
ஐந்தாம் வருஷம் அரைப் பக்கம்.
அப்புறம் ஒரு வரி.
அப்புறம் அந்த வரிக்குக் கீழே
இரண்டு சின்னக் கோடு மட்டும்.
என் பேரேட்டில் நான் தினமும் எழுதுவது.
மேற்படி.
மேற்படி.
மேற்படி.

கோபம்தான் வந்தது, படியேறி மேலே போகும் அளவுக்கு.
ஏழாவது படியில் நின்றேன். முழங்காலுக்காக,
வேறொன்றுக்காகவும்.
எப்படிம்மா இருக்கு என்று அவர் கேட்காத நாள் இல்லை.
பேனாவைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார், சரி.
அப்படியேதான் இருக்கு சார் என்று
பதினோரு வருஷம் சொன்னது யார்?
டோக்கன் நாற்பத்தெட்டு வாசலில் நிற்கிறதே என்று
எழுந்து எழுந்து வந்தது யார்?
அந்த இரண்டு தாளைப் பற்றி
அவருக்கு இன்றுவரை தெரியாது.

பைலை மெர்சியிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன்.
உள்ளே அவர் இருமும் சத்தம் கேட்டது.

புதன்கிழமைக்குத் திருச்சியில் பேர் கொடுத்தாயிற்று.
அதற்கு முன்னால் ஞாயிறு வந்துவிடும்,
வாரம் ஒருமுறை மாத்திரை.
அட்டையைப் பல்லால் கிழித்து
அவர் எழுதியதைத்தான் போட்டுக்கொண்டேன்.
பிறகு ஜெராக்ஸ் கட்டின் மேல் தாளில்
பேனாவை இரண்டு தடவை தவறவிட்டு
பெரிய எழுத்தில் எழுதினேன்:
அப்படியே இல்லை.