இழுப்பறையில் ஒரு கலங்கரை விளக்கம்

வாட்டர்டவுனில் ஏப்ரலிலும் பனி கிடக்கிறது,
ஓரமெல்லாம் கரி பூசிக்கொண்டு.
பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்து
நாள்காட்டியின் முன் நிற்கிறேன்.
ஆகஸ்ட் மாதத்துத் தாள் மட்டும் மெலிந்துவிட்டது.
அவ்வளவு அழித்திருக்கிறேன்.
பேனாவை எடுத்து ஒளித்தவள் ஷெல்பி.
"மையில எழுதினா ராணுவத்துக்குக் கேட்டுடும்" என்பாள்,
சிரிக்காமல்.

அவளுக்கு ஹெலிகாப்டர்களின் வயிற்றுக்குள் வேலை.
எனக்கு இந்த வீட்டின் இலக்கணத்துக்குள்.
இங்கே வினைச்சொல் எல்லாம் ஒரே வாலோடு அலையும்:
கிடைத்தால். கையெழுத்தானால். மாறாமல் இருந்தால்.
நான்கு வயது ஆர்லோ
ஒருவேளை என்பது ஓர் ஊர் என்று நினைத்திருக்கிறான்.
அங்கே நீச்சல் குளம் உண்டா என்று கேட்டான்.
இருக்கலாம் என்றேன்.

மெய்ன் மாநிலக் கடலோரத்தில் ஒரு விடுதி.
ஆறாம் எண் அறை, இரண்டு கட்டில், சமையல் மூலை,
ஜன்னலைத் திறந்தால் கலங்கரை விளக்கம்
(படத்தில்).
திருமதி திபோடோ போனை எடுத்ததும்
என் பெயரைக் கேட்பதில்லை.
"எந்த மாசத்துக்கு மாத்தணும்?"
பிறகு, "பொண்ணுக்குப் பல் கம்பி கழட்டியாச்சா?"
மூன்று வருடப் பழக்கம்.
முகம் பார்த்ததில்லை.
முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும் வெட்கம்
எங்களுக்குள் எப்போதோ செத்துவிட்டது.

முதல் வருடம்
விடுப்பு கையெழுத்தாகி, வெள்ளி மாலை ரத்தானது.
அடுத்த வருடம் போலந்து. ஒன்பது மாதம்.
நாங்கள் மூன்று பேர் மட்டும் போய்ப் பார்க்கட்டுமா என்றேன் ஒருமுறை,
அவள் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது.
"போங்க" என்றாள்.
போய் வாருங்கள் என்று சொல்லவில்லை.
கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.
அந்தப் பேச்சு அதோடு நின்றது.

சென்ற ஜூனில் நிஜமாகவே கிளம்பினோம்.
வாளி, மண்வெட்டி, ஆர்லோவின் மிதவைச் சட்டை
(அதை உடுத்தியபடியேதான் காரில் ஏறினான்).
டப்பர் லேக்கில் பெட்ரோல் போட நிறுத்தினேன்.
ஷெல்பி வெளியே நின்று
போனை இடது காதில் வைத்தாள்.
வலது காதென்றால் அம்மா, தங்கை, தோழிகள்.
இடது காதென்றால் அவர்கள்.
பதினொரு வருடத் திருமணத்தில் நான் கற்ற ஒரே உளவு.
டாங்க் நிரம்பும் முன்பே
திரும்பிப் போகும் தூரத்தைக் கணக்குப் போட்டுவிட்டேன்.

யாரும் அழவில்லை.
எனக்கு அதுதான் பயமாக இருந்தது.
டெல்ஃபின் கடைக்குள் போய்
கொம்பு முளைத்த மூஸ் மான் காந்தம் ஒன்று வாங்கி வந்தாள்.
"எது வரைக்கும் வந்தோமோ அதுதான் ஊர்."
எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இப்படி ஐந்து ஊர்:
யூட்டிகாவில் ஒரு சாண்ட்விச் கடை,
சிரக்யூஸ் விமான நிலையம் இரண்டு முறை,
ஒரு பல் மருத்துவரின் விளம்பரம், அது ஏனென்று மறந்துபோயிற்று,
இந்த மான்.
வீட்டுக்கு வருகிறவர்கள்,
"நிறைய சுத்திப் பாத்திருக்கீங்க" என்பார்கள்.
காபி ஊற்றுவேன்.

இந்த வாரம் மெய்னிலிருந்து ஓர் உறை.
உள்ளே கலங்கரை விளக்கக் காந்தம்,
சிவப்புத் தொப்பியோடு, கட்டைவிரல் உயரத்தில்.
"அலமாரியைச் சுத்தம் செய்தேன், மிச்சம் இருந்தது" என்று துண்டுச்சீட்டு.
பொய் என்று தெரிகிறது, விலைச்சீட்டு புதிது.
டெல்ஃபின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இது செல்லாதுப்பா. நாம இன்னும் போகலையே."
இழுப்பறையைத் திறந்து
பழைய பேட்டரிகள், ரப்பர் வளையங்களோடு போட்டு மூடினாள்.

இரவு பத்தரைக்கு எண்ணெய் வாசனையோடு வந்தாள் ஷெல்பி.
டார்ச்சுக்கு பேட்டரி தேடி இழுப்பறையைத் திறந்தாள்.
விளக்கம் ஒரு பேட்டரியைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு வந்தது.
பிரிக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தாள்.
"ஆகஸ்ட் பதினொண்ணு" என்றாள், "கிடைச்சா."
பென்சிலைத் தேடினேன்.
அதுவும் அந்த இழுப்பறையில்தான் இருந்தது,
ஒரு விரல்கடை நீளத்தில்.