குறிப்பேட்டில் ஏறாதவை

ஏழு அமைப்புகள், ஒரு தீர்மானம் என்று
இரண்டே வரியில் எழுதி முடித்துவிட்டேன்.
கூட்டக் குறிப்பு எழுதுபவளுக்கு
அவ்வளவுதான் வேலை.
மிச்சம் இங்கே.

நரீன் நகரில் மார்ச் என்றால் இன்னும் பனிதான்.
டோலோன் கணவாயில் சிற்றுந்து சிக்கி
பிஷ்கெக் வழக்கறிஞர்கள் வந்து சேர்வதற்குள்
நிலக்கரி அடுப்பு இரண்டு முறை அவிந்துவிட்டது.
பழைய கலாச்சார இல்லம்.
மேடைத் திரையில் சோவியத் காலத்துக் கோதுமைக் கதிர்.
ஒரு நாற்காலிக்கு ஒரு கால் குட்டை;
அதில் யார் உட்கார்ந்தாலும்
நல்ல வாக்கியத்தின் நடுவில் ஆடிப்போனாள்.

கேட்டது சின்ன விஷயம்:
வீட்டுப் பத்திரத்தில் இரண்டு பெயர்.
மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன்
தொலைபேசியில் மணவிலக்குச் சொல்லும் நாளில்
அவள் கையில் சாவியோடு
ஒரு காகிதமும் இருக்க வேண்டும்.

'கூட்டுரிமை' என்றார்கள் வழக்கறிஞர்கள்.
"கூட்டுப் பண்ணை மாதிரியா?
எங்கள் தாத்தாவின் ஆடுகள் அப்படித்தான் போயின"
என்றாள் சந்தைச் சங்கத்து புருல்கான்.
ஆசிரியைகள் இலக்கணம் திருத்தினார்கள்.
எங்கள் சின்னம் எந்த மூலையில் வரும் என்று
ஒருத்தி கேட்டாள்; பெயர் சொல்ல மாட்டேன்.
மேய்ச்சல் குழுவிலிருந்து வந்த இருவருக்கும்
பத்து வருடமாகப் பேச்சு இல்லை.
ஏதோ குதிரை விவகாரம்.
நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.
"அவளிடம் சொல், மூன்றாம் பத்தி சரி."
"அவளிடம் சொல், அது எனக்கே தெரியும்."

பிற்பகலில் கனிஷாய் கை தூக்கினாள்,
சக்கர நாற்காலியிலிருந்து.
"வாசலில் ஐந்து படி.
காலையில் என்னை மாவு மூட்டை மாதிரித்
தூக்கி வந்தீர்கள், நன்றி.
நம் கடிதத்தில் சமத்துவம் என்ற சொல்
எட்டு இடத்தில் வருகிறது, எண்ணிவிட்டேன்.
எனக்கு இப்போது அவசரமாக வெளியே போக வேண்டும்.
எட்டில் எதைப் பிடித்துக்கொண்டு இறங்குவது?"

சிரித்தோம்.
அந்தச் சிரிப்பு நின்ற விதத்தை
எந்தக் குறிப்பிலும் எழுத முடியாது.
நான்கு பேர் எழுந்து போனோம்.
திரும்பி வந்தபோது கடிதத்தின் கடைசிப் பத்தியில்
பென்சிலால் ஒரு சாய்தளம்.

ஏழு மணிக்கு மின்சாரம் போனது.
கைபேசி வெளிச்சத்தில் கையெழுத்து.
ஆறு பேர் போட்டார்கள்.
மருத்துவச்சிகள் சங்கத்தின் முறை வந்தபோது
ஷாரிபாவின் கையில் பேனா நின்றுவிட்டது.

இந்த ஊரில் பாதிப் பேரை
தலை வெளியே வரும்போதே பார்த்தவள்.
அந்தக் கை நடுங்கி யாரும் கண்டதில்லை.
"என் தம்பி" என்றாள்.
"போன வெள்ளிக்கிழமை மனைவியை அனுப்பிவிட்டான்.
அந்த வீட்டில் இப்போது நான் இருக்கிறேன்.
அவள் தைத்த திரைச்சீலையை
இழுத்துவிட்டுத்தான் தூங்குகிறேன்."

அத்தனை பேர் இருந்தும்
ஒருத்தி கூட அறிவுரை சொல்லவில்லை.
புருல்கான் ரொட்டியைப் பிய்த்து அவள் முன் வைத்தாள்.
மேய்ச்சல் குழுவில் ஒருத்தி, மற்றவளைப் பார்த்து, நேராக,
"தேநீர் மிச்சம் இருக்கிறதா?" என்றாள்.
பேனா மேசையில் உருண்டு
என் குறிப்பேட்டில் முட்டி நின்றது.

மறுநாள் மாவட்ட அலுவலகத்தில்
ஏழாவது கோட்டின் மேல் விரல் வைத்தான் எழுத்தன்.
"இங்கே யார்?"
"வருவாள்."
"வராவிட்டால்?"
அங்கே ஒன்பது படி. கனிஷாய் வந்திருந்தாள்.
"இப்படியே முத்திரை குத்து" என்றாள்.
குத்தினான்.
ஊதா மை வெற்றுக் கோட்டைத் தொட்டுக்கொண்டு
கொஞ்சம் வழிந்தது.

இன்று மறுபடியும் வெள்ளி.
ஷாரிபாவின் சன்னலில் திரைச்சீலை இல்லை என்கிறாள்
ரொட்டி கொண்டுவருபவள்.
துவைக்கப் போட்டிருக்கலாம்.
பேனா என்னிடம்தான் இருக்கிறது.