ஐந்தில் மூன்று

ஊத்துக்கோட்டையில், ஆரணியாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
எடைமேடைக் கூண்டில் எனக்கு ராத்திரி வேலை.
பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால்
பெயர்ப்பலகை எழுத்தெல்லாம் உருண்டையாகிவிடும்.

தொலைதூரக் கல்வி, எம்.ஏ. வரலாறு.
தாள் நான்கு: அமெரிக்கா, குடியேற்றம் முதல் 1877 வரை.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
ஒரு பக்கம், சில நாள் அரைப் பக்கம்.
வர்ஜீனியாவில் புகையிலை நட்டுக்கொண்டிருந்தபோது
ஜல்லி வண்டி வந்தது.
தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்தில் கவிழ்க்கும்போது
நெல் மூட்டை.

‘ஏம்மா, ஏம் சதுவுத்துன்னாவ்?’ என்றார் சத்தியவேடு டிரைவர்.
அமெரிக்கா என்றேன்.
‘வீசா வச்சிந்தா?’
ஆயிரத்து எழுநூற்று எண்பத்தேழு வரைக்கும் வந்திருக்கிறது என்றேன்.
சிரிக்காமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்த எண்பத்தேழில்தான் மாட்டிக்கொண்டேன்.
பொய்முடி வைத்த கனவான்கள்
ஒரு கோடை முழுக்கச் சன்னலைச் சாத்திக்கொண்டு பேசி
அடிமை ஐந்து பேரை மூன்று பேர் என்று எழுதினார்கள்.
வேலைக்கு ஐந்து. விலைக்கு ஐந்து.
எசமானர்கள் சபையில் இடம் கேட்கும்போது மூன்று.
மொத்த எடை, வண்டி எடை, நிகர எடை என்று
ராத்திரிக்கு நூறு சீட்டு கிழிக்கிறவள் நான்.
இதில் எந்த வண்டியைக் கழித்தார்கள்
என்று மட்டும் பிடிபடவில்லை.

விடுதலைப் பத்திரம் வந்த பாடம் சுலபமாக இருந்தது.
எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.
சப் கலெக்டர் கையெழுத்து, ஊதா முத்திரை,
அரிசி ஆலையின் பெயர், முன்பணம் எட்டாயிரம், ஆண்டு ஒன்பது,
ஆள் நான்கு.
அப்பா லேமினேட் செய்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்.
அங்கே நாற்பது ஏக்கர் என்றார்கள், கோவேறு கழுதை என்றார்கள்,
கொடுத்த கொஞ்சத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.
நாற்பது ஏக்கர், அதாவது நாலாயிரம் சென்ட்.
எங்களுக்கு மூன்று சென்ட், ஏரி வாயில்.
கார்த்திகையில் பட்டா மிதக்கும்.

அதற்கடுத்த பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி.
விடுதலையானவர்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்களாம்,
விற்கப்பட்ட மகனைத் தேடி, தாயைத் தேடி.
பெயர், கடைசியாகப் பார்த்த ஊர், வாங்கியவன் யார்.
புத்தகம் அதற்கு நான்கு வரி ஒதுக்கியிருக்கிறது.
தேர்வுக்கு வராது.
மனப்பாடம் செய்துவிட்டேன்.

என் தம்பி எல்லப்பன். அப்போது வயது ஒன்பது.
நாயுடுபேட்டைப் பக்கம் வாத்து மேய்க்க விட்டது.
கைமாறியது மூவாயிரம்.
ஆலைக்கு அதிகாரிகள் வந்த அன்று அவன் அங்கே இல்லை,
அதனால்தான் சான்றிதழில் ஆள் நான்கு.

மணி இரண்டேகால். வாத்து வண்டி.
கூண்டுகளின் மேல் தார்ப்பாயில் ஒரு பையன் படுத்திருந்தான்.
ஆள் இறங்கினால்தான் எடை, மேடையின் விதி அது.
இறங்கினான்.
திரையில் இருபது கிலோ குறைந்து நின்றது எண்.
பெயர் கேட்டேன். டிரைவர் முகத்தைப் பார்த்தான்.
எல்லப்பன் இல்லை, எல்லப்பனுக்கு இப்போது இருபத்தொன்று.

சீட்டு கேட்டு டிரைவர் சன்னலைத் தட்டுகிறான்.
பிரிண்டரில் தாள் சிக்கிவிட்டது, பொறுங்கள் என்கிறேன்
மேசைக்கடியில் ஒன்று, பூஜ்யம், ஒன்பது, எட்டு அழுத்தியபடி.
மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.
புத்தகம் 1877இல் திறந்து கிடக்கிறது,
படைகள் திரும்பிப் போகின்றன.
வாத்துகள் கத்துகின்றன.
யாராவது எடுங்கள்.