மூடாத டேக்

காட்பாடி ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு மேல்மாடி.
கீழே வங்காள எழுத்தில் பலகை, கடுகெண்ணெய் வாசனை,
சுவரில் ஏசி சொட்டிச் சொட்டி வரைந்த பச்சைப் படம்.
ஆஸ்பத்திரியின் ரசீதெல்லாம்
இந்த அறையில்தான் பிறக்கிறது.

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் ஏசுபாதம்.
இப்போது மஸ்கட்டில்.
விட்டுப்போனது ஒரு சீப்பு, பாதி டப்பா தைலம்,
பொது ஃபோல்டரில் பதினேழு டேக்.

அதில் ஒன்றின் பெயர் சீட்டு.
கோணக்குறிக்குள் பெயரைச் சொன்னால் போதும்,
கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும்.
டோக்கன் பக்கம் கூப்பிடும்,
எக்ஸ்ரே பக்கம் கூப்பிடும்,
கேன்டீன் பாக்கிப் பக்கம்கூடக் கூப்பிடும்.
யார் கூப்பிட்டது என்று அது கேட்பதில்லை.
கையில் கொடுத்ததை மட்டும் பார்க்கும்:
பெயர், வயது, வார்டு, உடன் வந்தவர்.
கொடுக்காததற்குத் தன் வழக்கப்படி
ஏதோ ஒன்றைப் போட்டுக்கொள்ளும்.
வயது சொல்லாத கூச்பிஹார் பெரியவர் ஒருவருக்கு
பூஜ்ஜியம் என்று போட்டு
குழந்தைகள் வார்டில் கட்டில் கேட்டது.
கவுண்டரிலிருந்து ஷம்ஷாத் போன் செய்து
பேச முடியாமல் சிரித்தாள்.

ஒரு ஃபைலில் ஒரு வரி திருத்தினேன்.
நாற்பத்தொரு பக்கம் திருந்தியது.
இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.
வேலூர் வெயிலுக்கும் இப்படி
எங்காவது ஒரு ஃபைல் இருக்கக்கூடாதா.

சீட்டு இரண்டு முறை ஓடும்.
திறக்கும்போது ஒரு தடவை:
முத்திரை, தேதி, பெயர்.
நடுவில் எதை வைத்தாலும் ஏந்திக்கொள்ளும்,
மாத்திரைக் கணக்கோ, ரத்த வகையோ.
மூடும்போது இன்னொரு தடவை:
ஒரு கோடு, கையெழுத்துக்கு இடம்,
அதற்கும் கீழே பொடி எழுத்தில், மூன்று மொழியில்
நலமாக ஊர் போய்ச் சேருங்கள்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி
கரண்ட் போய் வந்த பிறகு பார்த்தேன்.
நாற்பது பக்கத்தில் திறந்து மூடியிருக்கிறார்.
ஒன்றில் மட்டும் திறந்ததோடு சரி.
மனுஷன் அவசரக்காரர், மறந்திருப்பார்.
கோணக்குறி, சாய்கோடு, பெயர், மறுபடி கோணக்குறி.
மூடினேன்.
சோதனைக்கு ஒரு பிரிண்ட் விட்டேன்.

பெயர்: சோதனை ஒன்று.
பிணவறை எண்: 4.
உடலைப் பெற்றுக்கொண்டவர்: சோதனை இரண்டு.
கோடு.
கையெழுத்து.
நலமாக ஊர் போய்ச் சேருங்கள்.

காகிதம் சூடாக இருந்தது.
பிரிண்டரிலிருந்து வரும் காகிதம் எப்போதும் சூடுதான்,
தெரியும்.
கீழே யாரோ அறையைக் காலி செய்கிறார்கள்,
ஹௌரா வண்டிக்கு நேரமாகிவிட்டது போல,
படியில் பெட்டி இடித்து இடித்து இறங்குகிறது.

சீட்டைக் குற்றம் சொல்ல முடியாது.
அதன் அறைக்கு ஜன்னல் இல்லை.
சுத்தமாகச் செய்வதென்றால்
புதிதாக ஒரு பண்பு சேர்க்கலாம்,
வாழ்த்து வேண்டுமா, வேண்டாமா என்று.
வேண்டாம் என்று டைப் செய்யக்
கை வரவில்லை.
மூடியதை அழித்தேன்.
பக்கத்தில் ஒரு குறிப்பு வைத்தேன்:
இதை மூடாதீர்கள். மறதி அல்ல.

பிறகு மஸ்கட்டுக்கு ஒரு மெசேஜ்.
அண்ணே, பிணவறைப் பக்கத்தில் டேக்கைத்
தெரிந்துதானே மூடாமல் விட்டீங்க?

இரண்டு நாள் கழித்து
நீல டிக்கோடு பதில் வந்தது.

எந்த டேக்?