பிடிமானம்

எனக்கு இப்போது முப்பத்தொரு தீவுகள் தெரியும்.
எதில் தெற்குக் காற்றுக்கு ஒதுங்கலாம், எதில் கூடாது,
எந்தத் துறைமுகத்தில் டீசல் வண்டி
சொன்ன நேரத்துக்கு வராது,
எந்தக் குடாவில் ஆடுகள் பாறையிறங்கி வந்து
படகுக்காரர்களிடம் ரொட்டி கேட்கும்,
எல்லாம்.

காளவாசல் பைபாஸில் இரண்டாம் மாடி.
கீழே பஞ்சர் கடையின் காற்று மோட்டார் இரைய
மேலே நான்
மத்தியதரைக் கடலை
வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறேன்.

சனிக்கிழமை ஏறி
சனிக்கிழமை இறங்க வேண்டும். அதுதான் சட்டம்.
சனியன்று கிளம்பலாமா என்று
ஒரு வெள்ளைக்காரரும் தயங்கியதில்லை.
கிரேக்கத் தீவுகளுக்கு
நாங்கள் இரண்டரை மணி நேரம் முன்னால்.
அதனால் எப்போதும்
கொஞ்சம் எதிர்காலத்திலிருந்துதான் பேசுகிறேன்.

ஸ்வீடன் பல் மருத்துவர் ஒருவர் கேட்டார்:
அறுநூறு லிட்டர் தண்ணீர்
எட்டுப் பேருக்கு ஒரு வாரம் காணுமா?
குளிக்கத்தான் கடல் இருக்கிறதே என்றேன்.
அன்று எங்கள் தெருவுக்கு லாரி வரும் நாள்.
ஆறு பேர், ஒரு நீல டிரம், நாலு நாள்.
அதை அவர் கேட்கவில்லை.

பக்கத்து நாற்காலி நாகஜோதிக்கு வர்ணனை வேலை.
பளிங்கு தீர்ந்துவிட்டது, மரகதம் தீர்ந்துவிட்டது,
இந்தக் குடாவுக்கு வேற ஏதாச்சும் சொல்லுடி என்றாள்.
கிளி றெக்கை நிறம்னு போடு என்றேன்.
எந்தக் கிளி என்று அவள் கேட்கவில்லை,
இந்த ஊரில் அதை யாரும் கேட்பதில்லை.
அந்த மாதம் மூன்று படகுகள் அங்கே போயின.

தையில் அங்கே படகுகளைக்
கரையேற்றிக் கட்டைமேல் நிறுத்திவிடுவார்கள்.
இங்கே அப்போதுதான் எங்கள் படகு புறப்படும்.
சும்மா இருந்த மதியம் ஒன்றில்
அதற்கும் ஒரு விவரக் குறிப்பு எழுதிப் பார்த்தேன்:

வண்டியூர்த் தெப்பக்குளம். தீவு ஒன்று, நடுவில் மண்டபம்.
பயணிகள் சுவாமியும் அம்மனும்.
எஞ்சின் கிடையாது. கரையில் வடம் பிடித்து
நடப்பவர்கள் உண்டு.
தண்ணீர் இல்லாத வருடம் நிலைத்தெப்பம்:
படகு நின்ற இடத்திலேயே நிற்கும்,
விளக்கு மட்டும் எரியும்.
இதுவரை யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்டதில்லை.

நாகஜோதி சிரித்தாள். அழித்துவிட்டேன்.

ஆடியில் ஒரு ராத்திரி, மணி இரண்டே முக்கால்.
ஸ்டாமாடிஸ் என்ற கேப்டன் அழைத்தான்.
நங்கூரம் இழுபடுகிறது,
கீழே பாசி, பிடிக்க மாட்டேனென்கிறது,
துறைமுகத்தில் இடமில்லையாம்.
அங்கேயும் ஆடிக் காற்றுதான்,
மெல்தேமி என்று பேர் வைத்திருக்கிறார்கள்.
அவன் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது.
வரைபடத்தில் விரல் வைத்துத் தேடினேன்.
முனையைச் சுற்றித் தெற்கே இரண்டு மைல்,
சின்னக் குடா, பெயர்கூட இல்லை,
ஐந்து மீட்டர், மணல்.
போ என்றேன்.

நாற்பது நிமிடம்.
பஞ்சர் கடை ஷட்டர்
காற்றில் தன்னைத்தானே தட்டிக்கொண்டிருந்தது.
நான் பார்த்ததெல்லாம் ராமேஸ்வரத்துக் கடல்,
அதிலும் முழங்கால் வரைதான் இறங்கினேன்.
மணல் என்று அந்தக் காகிதம் சொன்னது,
நானும் சொல்லிவிட்டேன்.

பிடித்துவிட்டது என்றான்.
மூச்சு வாங்கிவிட்டு,
நீ எந்தத் துறைமுகம் என்று கேட்டான்.
மதுரை.
அங்கே தரை எப்படி?

மாலையில் பாலத்திலிருந்து பார்த்தது நினைவுக்கு வந்தது.
நாணல், இரண்டு குதிரைகள்,
ஆற்றின் நடுவில் யாரோ காயப்போட்ட
ஆரஞ்சுச் சேலை, நான்கு மூலையிலும் கல்.

மணல்தான், நன்றாகப் பிடிக்கும் என்றேன்.
ஆழம்?
இந்த வாரம் குறைவு.
மேற்கே மழை விழுந்தால் சொல்கிறேன்.

குறித்துக்கொள்கிறேன் என்று
எழுத்தெழுத்தாகக் கேட்டான்.
சொன்னேன்.