முன்பின் மூன்று ரூபாய்

தேவகோட்டைக் கோர்ட்டு வாசலுக்கு நேர் எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
ஒரு பக்கம் இரண்டு ரூபாய், முன்பின் என்றால் மூன்று.

திங்கட்கிழமை அவர் படத்தைக் கொண்டுவந்தார்கள்.
வக்கீல் சேவுகப்பெருமாள் பெயர்
உயர்நீதிமன்ற நீதிபதிக்குப் போயிருக்கிறதாம்.
ஏ-மூன்று அளவுக்குப் பெரிசாக்கச் சொன்னார்கள்.
பெரிசாக்கினால் மூக்குதான் முன்னால் வரும் என்றேன்.
வரட்டும், நம்ம ஊர் மூக்கு என்றார்கள்.

மதியம் ஜமீலா வக்கீல் வந்தார்.
கறுப்புக் கோட்டில் கறுப்புத் துணி குத்தினால்
யார் கண்ணுக்குத் தெரியும்?
வெள்ளைக் கழுத்துப் பட்டையில் குத்தியிருந்தார்.
ஆட்சேப மனு, நாற்பத்தொரு கையெழுத்து, பன்னிரண்டு படி.
அதே இயந்திரம். மூக்கின் சூடு இன்னும் ஆறவில்லை.

நாற்பது விநாடி வீடியோ எல்லார் போனிலும் இருந்தது.
ஏதோ கல்யாண மண்டபம், ஏதோ பாராட்டு விழா.
"சித்தாள் வேலைக்கு வந்தவளுக்கு
மானம் என்ன, நஷ்டம் என்ன" என்கிறார்.
கூட்டம் சிரிக்கிறது.
சிரித்ததில் இரண்டு முகம்
மனுவிலும் கையெழுத்துப் போட்டிருந்தது.

"ஒருத்தன் மேல ஏறினா ஊருக்கே பொறுக்காதே"
இது சலூன்.
"வாய் தவறிச் சொன்னாக, அதுக்குப் போயி"
இது காரைக்குடி டவுன் பஸ்.
அறுபத்து மூன்று பங்காளிகளோடு
ஒரே வீட்டுக்கு வழக்காடும் சாத்தப்பன் மட்டும்,
"பத்தொன்பது வருசமா வாய்தா வாங்குறாரு எதிர்க்கட்சிக்கு.
ஜட்ஜாப் போனா எனக்குத் தீர்ப்பு வந்துரும்,
போகட்டும்யா" என்றார்.

வியாழக்கிழமை டில்லியில் விசாரணை.
தாள் கட்டு மேல் போனைச் சாய்த்து வைத்தோம்.
டீ வந்தது, இரண்டு ஏட்டு வந்தார்கள்,
இங்கிலீஷ் கொட்டியது.
ஜூனியர் பையன் ஒருவன் தமிழில் சொன்னான்:
"தகுதி இருக்கான்னுதான் பார்ப்பாங்களாம்,
பொருத்தமான்னு பார்க்க மாட்டாங்களாம்."
"கல்யாணத்துக்கே பத்துப் பொருத்தம் பார்க்குற ஊருடா"
என்றார் டீக்காரர். சிரிப்பு அடங்குமுன்
தள்ளுபடி.
நான் டோனர் மாற்றும் நேரம்கூட ஆகவில்லை.

வெடிச் சத்தத்துக்கு நடுவில்தான்
சவரியம்மா உள்ளே வந்தாள்.
பர்மாத் தேக்குத் தூணுக்காக இடித்த வீட்டில்
வலது கையைக் கொடுத்தவள்.
இடது கக்கத்தில் பிளாஸ்டிக் பை,
பைக்குள் மடித்துப் பழுத்த ஒரே தாள்.

வா.சா.1. குறுக்கு விசாரணை.
சாட்சியத்தில் கேள்வியை எழுத மாட்டார்கள்,
பதிலை மட்டும்தான் அடிப்பார்கள்.
டைப்ரைட்டரில் ச உடைந்திருந்த காலம்:

*எனக்கு ஒரு கையால் சோறு சாப்பிட முடியும் என்றால் சரிதான்.*

கேட்டவர் யார் என்று நான் கேட்கவில்லை.
அடியில் பேர் இருந்தது.
எத்தனை படி என்றேன்.
ஒண்ணு. பெரிசா.
அந்த மூக்கு எவ்வளவு பெரிசோ அவ்வளவு.

உடைந்த ச உள்ளங்கை அகலம் வந்தது.
பத்து ரூபாய் வைத்தாள்,
வேண்டாம் என்றதற்கு முறைத்தாள்,
மிச்சத்துக்கு நின்றாள்.

சனிக்கிழமை. சென்னையில் பதவியேற்பு முடிந்துவிட்டது.
காம்பவுண்டுச் சுவரில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.
மோவாய்க்குக் கீழே, இடது கை எட்டும் உயரத்தில்,
சோற்றுப் பருக்கை பிதுங்க அந்தத் தாள்.
கோணலாக.
மேல் மூலை ஒட்டாமல்
காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

பார்த்தவர்கள் நின்றார்கள், படித்தார்கள், போனார்கள்.
ஜமீலா வக்கீல் போட்டோ எடுத்தார்.
சாத்தப்பன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
இரண்டாம் தடவை படித்தார்.

அன்று மாலை கடை அடைத்த பிறகு
நான் அந்தப் பக்கம் போனேன் என்றால் சரிதான்.
மூலையை அழுத்தி ஒட்டியது நான் என்றால்
சரியல்ல.