பதினேழு படி

முப்பத்தொரு வருடம்
அடுத்தவர் நிலத்தில் சங்கிலி பிடித்தவன்.
இப்போது அளப்பதெல்லாம்
கட்டிலிலிருந்து கழிவறைக்கு எத்தனை காலடி.

புதுப்பாளையத்தில் ஒன்பது.
செம்மண்டலத்தில் பதினான்கு, நடுவே ஒரு நிலைப்படி.
வண்டிப்பாளையத்தில் கொல்லைக்குப் போகவேண்டும்;
"மழைக்குக் குடை தர்றேன்" என்று சிரித்தார் வீட்டுக்காரர்.
அம்புஜம் சிரிக்கவில்லை.

புரோக்கர் அந்தோணிதாஸ் வண்டியை நிறுத்திவிட்டார்:
"சாருக்கு என்னதான் வேணும்?"
தரைத்தளம்.
உட்கார்ந்தால் எழ முடிகிற உயரத்தில் கம்மோடு,
பக்கத்தில் ஒரு கம்பி.
கூப்பிடு தூரத்தில் மருந்துக்கடை.
அப்புறம், இதைக் குரல் தாழ்த்திச் சொன்னேன்,
ராத்திரி பதினோரு மணிவரை
தெருவில் யாராவது சண்டை போட்டுக்கொண்டிருந்தால் நல்லது.

"மேடத்துக்கு?"
"மாடி."
வேறொன்றும் சொல்லவில்லை அவள்.

சொல்லத் தேவையில்லை.
கெடிலம் எங்கள் வீட்டுக்குள் வந்த ராத்திரி
நான் வெள்ள நிவாரணப் பணியில்
குறிஞ்சிப்பாடியில் இருந்தேன்.
அவள் கிரைண்டர் மேல் ஏறி நின்று
பீரோவில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்திருக்கிறாள்.
கீழ்த்தட்டு. நடுத்தட்டு.
என் வேட்டிகள் இருந்த தட்டு.
மூன்றாம் நாள் திரும்பி வந்தவன்
சுவரில் நீர் நின்ற தடத்தைப் பென்சிலால் குறித்து
உயரம் எழுதி, தேதி போட்டேன்.
தொழில் பழக்கம்.
அந்தப் பென்சில் கோட்டை
அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

என் பக்கத்துக்கும் சாட்சி உண்டு:
இரண்டு முட்டி, ஒரு எக்ஸ்ரே,
"படி ஏறவே கூடாது" என்ற டாக்டர்.

மகள் ஒரு வீடியோ அனுப்பினாள்.
கோயம்புத்தூர்ப் பக்கம்,
வயதானவர்களுக்கென்றே கட்டியது.
வழுக்காத தரை, மணியடித்தால் நர்ஸ்,
சாயங்காலம் பஜனை.
அம்புஜம் இரண்டு முறை பார்த்தாள்.
"எல்லாருக்கும் ஒரே வயசு.
யாரைப் பத்தி யாருகிட்ட பேசறது?"

கடைசியில் மஞ்சக்குப்பம்.
வீட்டுக்காரப் பையன் கார்முகிலன்,
முப்பதுகூட இருக்காது.
"பிள்ளைங்க யாரும் கூட இருக்க மாட்டாங்களா?"
மாட்டார்கள்.
"இல்ல... ஏதாவது ஆச்சுன்னா..."
புது வெள்ளையடித்த சுவரைப் பார்த்தான்.
அம்புஜம்தான் வாக்கியத்தை முடித்தாள்:
"ஆனா, அட்வான்ஸ்ல கழிச்சுக்கோப்பா."

கீழே ஒரு போர்ஷன் காலி.
மாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை,
அதுவும் காலி.
நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.
என் பென்ஷன் கீழே குடியேறியது.
அவளுடையது மேலே.
இடையில் பதினேழு படி,
ஒவ்வொன்றும் ஏழரை அங்குலம்.

அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள்,
இந்த வயதில் என்ன மனஸ்தாபமோ என்று.
சமையல் கீழே, துணி காயப்போடுவது மேலே,
சீரியல் கீழே.
வெயில் காலம் முழுக்க இங்கேதான் தூக்கம்.
ஐப்பசி பிறந்தால்
தலையணையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

நேற்று ராத்திரி நல்ல மழை.
ஒன்றரைக்குப் போன் அடித்தது.
"ஹலோ, கடலூர்" என்றாள்,
இருபத்தாறு வருடம் எக்ஸ்சேஞ்சில் சொன்ன அதே குரலில்.
"தண்ணி?"
டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்தேன்.
தெருவில் கணுக்கால் அளவு.
வாசலுக்கு வரவில்லை.
"முதல் படி காஞ்சுதான் இருக்கு" என்றேன்.

அவள் வைக்கவில்லை.
அவள் காலத்தில் டிரங்க் கால் மூன்று நிமிடம்,
நடுவில் புகுந்து நேரம் சொல்வது அவள் வேலை.
இப்போது சொல்ல ஆளில்லை.
தகரத்தில் விழும் மழை போனில் ஒருவிதமாகவும்
தலைக்கு மேலே வேறுவிதமாகவும் கேட்டது.

பேசிக்கொண்டே
நான்காம் படிவரை ஏறியிருந்தேன்,
கைப்பிடியைப் பிடித்தபடி.
அதை அவளிடம் சொல்லவில்லை.
திட்டுவாள்.